பெயர் கேட்கப்படாத தாய்

ஓர் ஏழைத் தாயின் நிழற்படம் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளாக உலகைச் சுற்றி வருகிறது. அகதிகள் பற்றிய நூல்களில், கருத்தரங்குச் சுவர்களில், தவக்கால நிதி சேகரிப்புத் துண்டுப்பிரசுரங்களில் நாமும் அதனைக் கண்டிருக்கிறோம். கிழிந்த துணிக் கூடாரத்தின் முன் ஒரு பெண் அமர்ந்திருக்கிறார். ஒரு கை கன்னத்தைத் தொட்டபடி இருக்கிறது. இரு பிள்ளைகள் அவருடைய இரு தோள்களிலும் சாய்ந்து, முகத்தை மறுபுறம் திருப்பிக்கொண்டு நிற்கின்றனர். மடியில் அழுக்குத் துணியில் சுற்றிய கைக்குழந்தை. அவருடைய கண்கள் எங்கோ தொலைவில் நிற்கின்றன.

இப்படத்தைக் காணும் கத்தோலிக்கர் பலருக்கு வியாகுல அன்னையின் நினைவு வருவதுண்டு. தாய்மையின் பொறுமை, துயரத்தின் வடிவம் என்றெல்லாம் இதன் கீழே எழுதுகிறார்கள். நமக்கு அவ்வளவில் திருப்தி இல்லை. அந்தத் தாய் யார், எப்படி அந்தக் கூடாரத்துக்கு வந்தார், அங்கே என்ன செய்துகொண்டிருந்தார், பிறகு என்னவானார் என்று கேட்டால்தான் அவருடைய பலம் எங்கே இருந்தது என்பது விளங்கும். இந்த இதழின் வாசகர்களாகிய நீங்களும் மண்ணைக் கொத்தி வாழ்ந்து, மண்ணை விட்டு எழும்பி, தறப்பாளுக்குக் கீழே உலை வைத்தவர்கள். ஆகவே இக்கதையை மற்றவர்களை விட நீங்கள் சரியாக வாசிப்பீர்கள் என்று நம்புகிறோம்.

அவருடைய பெயர் புளோரன்ஸ் ஓவன்ஸ். பின்னாளில் புளோரன்ஸ் தொம்சன். படம் எடுக்கப்பட்டது 1936 மார்ச் மாதம், அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள கலிபோர்னியா மாநிலத்தில், நிப்போமோ என்னும் ஊருக்கு அருகே. அப்பொழுது அவருக்கு 32 வயது.

மண்ணும் போய், காணியும் போய்

அக்காலத்து அமெரிக்க விவசாயிகளுக்கு என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அந்நாட்டின் நடுப்பகுதியில் ஒக்லஹோமா, டெக்சாஸ், கன்சாஸ் முதலிய மாநிலங்களில் பரந்த புல்வெளிகள் இருந்தன. முதலாம் உலகப் போரின்போது கோதுமையின் விலை ஏறியதால் அந்தப் புல்வெளிகளை உழவு இயந்திரங்களால் புரட்டிப் போட்டார்கள். மண்ணைப் பிடித்து வைத்திருந்த புல்லின் வேர் போய்விட்டது. 1930களில் ஆண்டுக்கணக்காக மழை பொய்த்தபோது மேல்மண் முழுவதும் புழுதியாகிக் காற்றோடு எழும்பியது. 1935 ஏப்ரல் 14, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலை இருளாக்கிய புழுதிப் புயலை அந்நாட்டார் இன்றும் ‘கறுப்பு ஞாயிறு’ என்றே சொல்கிறார்கள்.

ஆனால் எல்லாரையும் புழுதிதான் விரட்டியது என்று எண்ணுவது தவறு. பருத்தி விளைந்த பகுதிகளில் பெரும்பாலானோர் குத்தகைக்கும் வாரத்துக்கும் செய்தவர்கள். பருத்தி விலை விழுந்தபோது, விளைச்சலைக் குறைத்து விலையைத் தூக்கலாம் என்று அரசு 1933இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. நிலத்தைத் தரிசாக விட்டால் பணம் கிடைக்கும். நிலச் சொந்தக்காரர் பலர் அந்தப் பணத்தைத் தாமே எடுத்துக்கொண்டு, குத்தகைக்காரரை எழுப்பிவிட்டு, கிடைத்த காசில் உழவு இயந்திரமும் வாங்கினார்கள். நல்ல நோக்கத்தோடு தலைநகரில் எழுதப்படும் திட்டம், கீழே வரும்போது யாருடைய கையில் பணமாகவும் யாருடைய முதுகில் அடியாகவும் விழுகிறது என்பதைக் கிராமத்தில் வேலை செய்யும் எவரும் கவனிக்க வேண்டும்.

1940 வரையில் அந்த மாநிலங்களை விட்டு வெளியேறியோர் ஏறத்தாழ 25 இலட்சம் பேர் என்பர். அவர்களுள் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் கலிபோர்னியாவுக்குப் போனார்கள். அங்கே அவர்களை வரவேற்க எவரும் இல்லை. 1936 பெப்ரவரியில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பொலிஸார் 136 பேரை மாநில எல்லைகளுக்கு அனுப்பி, கையில் காசில்லாமல் வந்தோரைத் திருப்பி விரட்டினார்கள். தம் சொந்த நாட்டுக்குள் பயணம் செய்த குடிமக்களையே! ‘ஓக்கி’ என்ற ஒரு சொல்லையும் உண்டாக்கினார்கள். ஒக்லஹோமாக்காரர் என்பதன் சுருக்கமாகப் பிறந்த அச்சொல், அழுக்கானவர், சோம்பேறி, வேண்டாதவர் என்ற பொருளில் வழங்கலாயிற்று. ‘அகதி’ என்ற சொல் பள்ளிக்கூட வாங்கிலும் கிணற்றடியிலும் எந்தத் தொனியில் சொல்லப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

நிவாரணம் பெறுவதற்கும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. மாநிலத்தில் குறிப்பிட்ட காலம் வசித்திருந்தால்தான் உதவி கிடைக்கும். பட்டாணிக்கும் பருத்திக்கும் பழத்துக்குமாக மாதத்துக்கு ஓரிடம் போகிற குடும்பம் எந்த ஊரின் வசிப்பைக் காட்டுவது? அட்டை ஓரிடத்தில், ஆள் வேறோர் இடத்தில் என்ற சிக்கல் நம்முடையது மட்டும் அல்ல.

அந்தக் கூடாரத்துக்கு வந்த வழி

புளோரன்ஸ் புழுதிக்குத் தப்பி ஓடியவர் அல்லர். இதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் படத்தை வைத்து எழுதியவர்கள் பலர் இதில் தவறினர். செரோக்கி என்னும் ஆதிக்குடியைச் சேர்ந்த பெற்றோருக்கு, இன்று ஒக்லஹோமா எனப்படும் பகுதியில், 1903இல் பிறந்தவர். 17 வயதில் மணமுடித்தார். 1920களிலேயே கணவரோடு கலிபோர்னியாவுக்கு வந்து, மர ஆலைகளிலும் தோட்டங்களிலும் வேலை செய்து பிழைத்தார்கள். பொருளாதார வீழ்ச்சி வந்தபோது ஆலை வேலை போயிற்று. 1931இல் கணவர் காசநோயால் இறந்தார். அப்பொழுது புளோரன்ஸ் ஆறாவது பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தார்.

இந்த இடத்தில் சற்று நிற்போம். வேலை இல்லை, காணி இல்லை, கணவர் இல்லை, ஐந்து பிள்ளைகள், இன்னும் ஒன்று வரப்போகிறது. இப்படி நின்ற ஒரு பெண்ணிடம் அயலார் என்ன சொல்வார்கள்? பிள்ளைகளைப் பிரித்துக் கொடு, ஒன்றை உறவினரிடம் விடு, ஒன்றை விடுதியில் சேர் என்பார்கள். நாமும் சில வேளைகளில் நல்லெண்ணத்தோடு இதைச் சொல்லுகிறோம். புளோரன்ஸ் தம் பிள்ளைகளை வளர்க்க எந்த வேலையையும் செய்தார். உணவகத்தில் நாளுக்கு 50 சதத்துக்கு வேலை செய்தார். கூலியை விட முக்கியமானது, மிஞ்சிய சாப்பாட்டைக் கொண்டுபோகலாம் என்ற அனுமதி. சில நாட்களில் இரண்டு தண்ணீர் வாளி நிறைய மிச்ச உணவைச் சுமந்து வீடு வந்ததாகப் பிற்காலத்தில் அவரே சொன்னார். வீடு என்றோம், ஒரு காலத்தில் அது பேக்கர்ஸ்பீல்ட் நகரின் பாலமொன்றுக்குக் கீழே இருந்தது. கூடாரம்கூட இல்லை, ஒரு பழைய போர்வைதான் மறைப்பு.

பருத்தி எடுக்கும் காலத்தில் விடியுமுன் தோட்டத்துக்குள் இறங்கினால், கண் தெரியாத அளவு இருட்டும் வரையில் எடுப்பார். கூலி நிறையின்படி. நூறு இறாத்தல் எடுத்தால் 50 சதம். அவர் நாளொன்றுக்கு 450, 500 இறாத்தல் வரையில் எடுத்தார். அவருடைய சொந்த நிறையோ நூறு இறாத்தலுக்கும் குறைவு. தம் உடம்பைப் போல் நான்கு மடங்குக்கு மேல் நிறையுள்ள பஞ்சை, ஒவ்வொரு காயாகக் கிள்ளி, தோளில் கட்டிய நீண்ட சாக்கில் இழுத்துச் சென்றார் என்பதை எண்ணிப் பாருங்கள். மிளகாய் ஆய்ந்தவர்களுக்கும் வெங்காயம் கிண்டியவர்களுக்கும் நாம் விளக்க வேண்டியதில்லை.

1936ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தெற்கே பீற்றூட் அறுவடை முடிந்து, வடக்கே வொற்சன்வில் பகுதியில் இலைக்கோசு வேலை கிடைக்கும் என்று குடும்பம் காரில் புறப்பட்டது. அப்பொழுது அவருடன் வாழ்ந்த துணைவரும் உடனிருந்தார். பிள்ளைகள் இப்பொழுது ஏழு. நிப்போமோவுக்கு அருகில் கார் பழுதாகி நின்றது. பட்டாணி ஆய வந்தோரின் முகாம் ஒன்று அங்கே இருந்தது. இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் அதிகமானோர் வேலை தேடி வந்து சேர்ந்திருந்தார்கள். ஆனால் பனிமழை விழுந்து பட்டாணிப் பயிர் முழுவதும் அழிந்துபோயிருந்தது. பயிர் இல்லை என்றால் கூலி இல்லை. கூலி இல்லை என்றால் அடுத்த ஊருக்குப் போக எண்ணெய்க்குக் காசில்லை.

துணைவரும் மூத்த பையன்களும் காரின் பாகத்தைத் திருத்த நகருக்குப் போயிருந்தனர். தாய் துணிக் கூடாரம் ஒன்றைச் சாய்த்துக் கட்டி, இருந்ததைக் கொண்டு சமைக்கத் தொடங்கினார். வாசனை பட்டதும் முகாமின் மற்றக் குழந்தைகள் ஒவ்வொருவராக வந்து, ஒரு வாய் தருவீர்களா என்று கேட்டு நின்றார்கள். அவர்களுக்கும் கொடுத்தார். அந்த வேளையில்தான் நிழற்படக்காரர் வந்தார்.

படமும் அதன் பிறகும்

அவர் டொரத்தியா லாங் என்னும் பெண்மணி. கிராமத்து ஏழைகளின் மீள்குடியேற்றத்துக்கென அமைந்த ஓர் அரச நிறுவனத்துக்காக வேலை செய்தவர். சில நிமிடங்களில் சில படங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தாயின் வயதைக் குறித்துக்கொண்டார். பெயரைத் தாம் கேட்கவில்லை, வரலாற்றையும் கேட்கவில்லை என்று பின்னர் அவரே எழுதினார். உணவு வாங்கக் காரின் டயர்களை விற்றுவிட்டார்கள் என்றும் படத்தோடு ஒரு செய்தி பரவிற்று. குடும்பத்தார் அதை மறுத்தார்கள். விற்பதற்கு வேறு டயர் ஏது? காரில் பூட்டியிருந்தவைதான், அவற்றில்தானே அங்கிருந்து போனோம் என்றார்கள்.

லாங் அம்மையாரைக் குறை கூறுவது நம் நோக்கம் அன்று. அவருடைய மனம் இரங்கியது உண்மை. படம் அரசுக்குச் சொந்தமானதால் அதன் விற்பனையில் அவருக்கும் பணம் வரவில்லை. சான் பிரான்சிஸ்கோ பத்திரிகையொன்றில் அந்த முகாமின் செய்தி வந்ததும், அரசு 20,000 இறாத்தல் உணவை அங்கே அனுப்பியது. பசித்த பலர் அதனால் உயிர் பிழைத்திருப்பர். ஆனால் அந்த உணவு வந்து சேர்ந்தபோது புளோரன்ஸின் குடும்பம் அங்கே இல்லை. கார் திருத்தியாயிற்று, வேலை தேடி வடக்கே போய்விட்டார்கள். எவருடைய முகத்தைக் காட்டி உணவு கிடைத்ததோ அவருக்கு அதில் ஒரு பிடியும் கிடைக்கவில்லை.

பெயர் தெரியாமலே படம் புகழடைந்தது. 1978இல்தான் பத்திரிகையாளர் ஒருவர் அவரைத் தேடிக் கண்டுபிடித்தார். 42 ஆண்டுகள்! அப்பொழுது புளோரன்ஸ் மகிழ்ச்சியோடு பேசவில்லை. அந்தப் படத்தை எடுக்காமல் இருந்திருக்கலாம், அதனால் எனக்கு ஒரு சதமும் வரவில்லை, என் பெயரையும் கேட்கவில்லை என்ற பொருளில் பேசினார். படம் வெளிவராது என்று தமக்குச் சொல்லப்பட்டதாகவும் கூறினார். பிள்ளைகளுக்கும் பல காலம் அந்தப் படம் வெட்கமாகவே இருந்தது. உலகம் அதில் தாய்மையைக் கண்டது. அவர்கள் தங்கள் கிழிந்த உடுப்பைக் கண்டார்கள்.

நம் நாட்டிலும் 1990இலும், 1995 அக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோதும், 2009இல் செட்டிகுளத்து முகாம்களிலும், அதற்கு முன்னும் பின்னும், எத்தனையோ தாய்மாரின் முகங்கள் படமாகின. அவை எங்கெங்கோ அச்சாகியிருக்கும். நம்மைப் போன்ற தொண்டு நிறுவனத்தார் எடுத்தவையும் அவற்றுள் அடங்கும். அந்தத் தாய்மாரின் பலம் அழுத முகத்தில் இருந்ததா? பாலத்தைக் கடக்கும் நெரிசலில், பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, காணி உறுதி ஆகியவற்றைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டியவர் யார்? ஒரு பேணி விதைப்பயறையும் ஒரு முடிச்சு மிளகாய் விதையையும் அரிசிப் பைக்குள் ஒளித்து வைத்து, முகாமின் ஒழுங்கை ஓரத்தில் நாலு கன்று நட்டவர் யார்? வந்த பருப்பை எத்தனை நாளுக்கு எப்படிப் பிரிப்பது என்று கணக்குப் பார்த்தவர் யார்? இது பொறுமை என்ற சொல்லுக்குள் அடங்காது. இது நிர்வாகம். நூறு ஏக்கர் பண்ணையை நடத்துபவருக்கு வேண்டிய கணிப்பும் துணிவும் ஒரு தறப்பாள் கொட்டிலை நடத்துபவருக்கும் வேண்டும், இழப்பதற்கு மிச்சம் எதுவும் இல்லாத நிலையில்.

திருவிவிலியத்தில் பஞ்சத்தினால் பெத்லகேமை விட்டு மோவாபுக்குப் போன நகோமியின் குடும்பத்தை நாம் அறிவோம். ஆண்கள் மூவரும் இறந்த பின், மருமகள் ரூத்து வயலில் சிந்திய கதிர்களைப் பொறுக்கி மாமியைக் காப்பாற்றினாள். ரூத்தின் அன்பைப் பற்றியே பிரசங்கங்களில் பேசுகிறோம். வயலோரத்துக் கதிர்களும் சிந்தியவையும் ஏழைக்கும் அந்நியருக்கும் உரியவை என்று லேவியர் நூலில் ஒரு சட்டம் இருந்தது என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. ரூத்து பிச்சை எடுக்கவில்லை, தனக்கு உரியதை எடுத்தாள். நகோமிக்கும் விற்பதற்கு ஒரு காணி உரிமை இருந்தது. அதை மீட்கும் பேச்சு ஊர் வாயிலில் மூப்பர் முன்னிலையில் நடந்தது.

கலிபோர்னியாவிலும் அதே காலத்தில் வேறொரு வழி தொடங்கப்பட்டது. ஆர்வின் என்னும் இடத்தில் அரசு ஒரு முகாமை அமைத்தது. டொம் கொலின்ஸ் என்பவர் அதன் பொறுப்பாளர். கழிப்பறையும் சுடுநீரும் துணி துவைக்கும் இடமும் இருந்தன. அதை விட முக்கியமாக, முகாமை நடத்த மக்களே குழுக்களைத் தெரிவு செய்தார்கள். பெண்களின் குழு புதிதாக வருவோரைச் சந்தித்து, என்ன தேவை என்று கேட்டு, குழந்தைகளின் உணவையும் சுகாதாரத்தையும் கவனித்தது. வந்தவரின் பெயரைக் கேட்பதுதான் அவர்களின் முதல் வேலை. பெரிய தோட்டக்காரர்கள் இம்முகாம்களை வெறுத்தார்கள். சுத்தமான இடத்தில் இருந்து, கூடிப் பேசப் பழகியவர்கள் கூலியையும் பேசுவார்கள் என்ற பயம்.

எமது முகாம்களிலும் மீள்குடியேறிய கிராமங்களிலும் தண்ணீர் வரிசையில் நிற்பவர் தாய், கூட்டத்தில் கதிரையில் இருப்பவர் தகப்பன் என்ற ஒழுங்கு இன்னும் பெரும்பாலும் மாறவில்லை. படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்ற கட்டத்தில் ஆணின் பெயரே எழுதப்படுகிறது, அவர் இறந்தோ காணாமற்போயோ பல ஆண்டுகள் ஆனாலும்கூட. குடியேற்றத் திட்டங்களில் அனுமதிப்பத்திரக் காணி பெற்ற குடும்பங்கள் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், பின்னுரித்தாளர் எவரும் நியமிக்கப்படாதபோது ஆண் பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுக்கும் ஒழுங்கு பல பத்தாண்டுகள் இருந்தது. 2022இல் வந்த திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. ஆயினும் உங்கள் பத்திரத்தில் பின்னுரித்தாளராக யாருடைய பெயர் பதியப்பட்டிருக்கிறது, அல்லது எவருடைய பெயரும் இல்லையா என்பதைப் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேட்டுப் பார்ப்பது நல்லது. பத்திரம் யுத்தத்தில் தொலைந்திருந்தாலும் அலுவலகத்துப் பேரேட்டில் பதிவு இருக்கக்கூடும். கேட்கப் போகும்போது கணவனும் மனைவியும் சேர்ந்து போங்கள். கணவர் இல்லாதவர் தனியே போகத் தயங்கினால் மாதர் சங்கத்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

படம் எடுக்க வருவோரிடமும் கேட்கலாம். எதற்கு, எங்கே போடுவீர்கள், என் பெயரைப் போடுவீர்களா, ஒரு பிரதி எனக்குத் தருவீர்களா? இவற்றைக் கேட்பதால் வரும் உதவி நின்றுவிடும் என்று அஞ்ச வேண்டாம். நின்றால், அது யாருக்காக வந்த உதவி என்பது அப்போதே தெரிந்துவிடும்.

புளோரன்ஸின் மிகுதிக் கதையைச் சொல்லி முடிப்போம். வயலிலும் சமையலறையிலும் மருத்துவமனையிலும் கிடைத்த வேலையெல்லாம் செய்து பிள்ளைகளை வளர்த்தார். தாம் உண்ணாத நாள் இருந்தாலும் பிள்ளைகள் உண்ணாத நாள் இல்லாமல் பார்த்துக்கொண்டார் என்று மகள் ஒருவர் பின்னர் சொன்னார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மறுமணம் செய்தார், வறுமை தீர்ந்தது. வளர்ந்த பிள்ளைகள் 1970களில் மொடெஸ்டோ நகரில் அவருக்கு ஒரு வீடு வாங்கிக் கொடுத்தார்கள். 1983இல் அவர் நோயுற்றபோது வைத்தியச் செலவுக்குக் காசு போதவில்லை. பிள்ளைகள் பத்திரிகை மூலம் உதவி கேட்டார்கள். 35,000 டொலருக்கு மேல் வந்து சேர்ந்தது. பணத்தோடு வந்த கடிதங்களை வாசித்த பிறகுதான், இத்தனை காலம் வெட்கமாயிருந்த அந்தப் படத்தைப் பிள்ளைகள் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினார்கள். அவ்வாண்டு செப்டெம்பரில் தாய் இறந்தார். 1998இல் அவருடைய முகம் 32 சத முத்திரையானது. அதே ஆண்டில் லாங் கையெழுத்திட்ட ஒரு பிரதி ஏலத்தில் 2,44,500 டொலருக்கு விலைபோயிற்று.

பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த வீட்டில் அவர் நிலைத்து இருக்கவில்லை. சில்லுப் பூட்டி இழுத்துச் செல்லக்கூடிய வீடே தமக்குப் பிடிக்கும் என்று சொல்லி, அப்படியொன்றுக்குத் திரும்பிப் போய்விட்டார்.